தூர் வாராதார்க்கு நீர்முறை இல்லை

ஊரேரி வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியொடு இறங்கித் தூர் வாருவதும், கரை உயர்த்துவதும், மதகைச் செப்பனிடுவதும் தமிழரின் பழைய வழக்கம். உழைத்தவன் நீர்முறையைப் பற்றி வாய்திறந்து பேசினான். வரப்பில் நின்று வசைபாடியவன் சொல்லை ஊர் கேட்டதில்லை.

கணினி உலகிலும் அத்தகைய ஊரேரி ஒன்று உண்டு. அது கட்டற்ற மென்பொருள். 1983-இல் அமெரிக்க நாட்டு இரிச்சர்டு இசுடால்மன் ‘குனு’ என்னும் முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு ‘இலினக்சு’ என்னும் கருவை வெளியிட்டார். பல நாட்டினர் கைகூடி வளர்த்த அந்நிரல்களின் மேல்தான் இன்றைய இணையத்தின் பெரும்பகுதி இயங்குகின்றது. அவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இசைவு கேட்டு எவன் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. இவ்வேரியில் தமிழன் இறங்கினானா என்பதே வினா.

இறங்காத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கு எழுத்துக் குறியேற்றமே சான்று. இந்திய அரசு 1988-இல் ‘இசுகி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தது. வடநாட்டு எழுத்தொழுங்கை அச்சாகக் கொண்டு எல்லா மொழிகளையும் அதில் வார்த்தது. 1991-இல் வெளிவந்த ஒருங்குகுறியும் அவ்வச்சையே தமிழுக்குச் சூட்டியது. அதனால் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இருக்கைகள் இன்றளவும் வெறுமையாய்க் கிடக்கின்றன. தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளுக்கு ஒழிக்கப்பட்ட இருக்கைகள் அவை! தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரமோ நகரத்தின் அருகில் அமர்த்தப்பட்டது.

தமிழெழுத்து 247. அவற்றுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆக 31 எழுத்துகளுக்கே தனித்தனி இடம் உண்டு. எஞ்சிய 216-ம் இரண்டு குறிகளை ஒட்டியே உருப்பெறுகின்றன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். இங்கோ உயிர்மெய்யாகிய ககரத்தின்மேல் புள்ளியிட்டு மெய்யை ஆக்குகின்றனர்! ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகவே எண்ணுகின்றது.

ஒருமுறை அமர்த்திய எழுத்தை இடம்பெயர்ப்பதில்லை என்பது ஒருங்குகுறியினர் நெறி. எனவே அழுதும் பயனில்லை. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியொடு, எழுத்துக்கு ஓர் இடம் தரும் ‘அனைத்தெழுத்துக் குறியேற்ற’த்தையும் ஏற்று ஆணையிட்டது. ஆணை பிறந்தது, அதனைத் தாங்கும் செயலிகள் பெருகவில்லை. உலகத்தார் கைக்கருவிகள் ஒருங்குகுறியையே பேசுகின்றன. ஆணை மட்டும் ஏரியை நிரப்பாது.

காலத்தே விழித்தால் ஆவது என்ன என்பதையும் அதே 2010 காட்டிற்று. எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழெழுத்துகளைக் கிரந்தக் கட்டத்துள் புகுத்தும் முன்மொழிவும், கிரந்தக் குறிகளைத் தமிழுக்குள் ஏற்றும் முன்மொழிவும் எழுந்தன. தமிழறிஞர் திரண்டு எதிர்த்தனர், சான்றுகளை அடுக்கினர். 2014-இல் கிரந்தம் தனிக்கட்டமாகவே இடம்பெற்றது. அவ்வைந்தெழுத்தும் அதில் இல்லை. அவை கூடுமுன் பேசியவன் சொல் அரங்கேறியது. 1991-க்கு முன் அவ்விழிப்பு இருந்திருந்தால் இன்றைய குறையில் பாதி இராது.

இறங்கி உழைத்தாரும் உளர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிப் பழந்தமிழ் நூல்களை விலையின்றி உலகுக்கு வழங்கினர். இலினக்சுத் திரைகளையும், பயர்பாக்சு உலாவியையும், இலிபிரே ஆபீசுச் செயலியையும் தன்னார்வலர் தமிழாக்கினர். கோப்பு, உலாவி, சாளரம், கடவுச்சொல் என்னும் சொற்கள் அகரமுதலியில் உறங்காது மக்கள் கண்முன் நடமாடுவது இத்தகையோர் உழைப்பால். ஆயினும் அவர் சிலரே. ஒருவர் ஓய்ந்தால் அடுத்த பதிப்பில் புதுக்கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. அல்லது ஆங்கிலச்சொல் தமிழெழுத்தை உடுத்திக்கொண்டு வந்து அமர்ந்துவிடுகின்றது.

தனித்தமிழ்ப் பற்றாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. மேடையில் கலப்புச்சொல்லைக் கடிவது எளிது. கலப்புச்சொல் புகுமுன் நல்ல தமிழ்ச்சொல்லை அத்திரையில் ஏற்றுவது அரிது; ஆனால் அதுவே நிலைப்பது. நாளைய குழந்தை சொல்லைக் கற்பது மேடையிலன்று, கைப்பேசித் திரையில்.

புலவர் சொல் தருக! நிரல் கற்ற இளைஞர் அச்சொல்லைக் கருவியுள் ஏற்றுக! இலக்கணம் வல்லார் எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் காட்டும் திருத்திகளுக்கு நெறி வகுத்துத் தருக! அகரவரிசை பிறழ்ந்த இடங்களைக் கண்டோர் அந்நிரலாளர்க்குச் சான்றொடு எழுதுக! திங்களுக்கு ஒருநாள் உழைப்பினும் ஆயிரம் கைகள் கூடினால் ஏரி நிறையும்.

கதவு திறந்தே கிடக்கின்றது. உள்ளே மண்வெட்டியும் உண்டு, வேலையும் உண்டு. கரையில் நின்று புலம்பும் இனத்துக்கு நீர்முறை எவரும் எழுதி வைப்பதில்லை.