அங்கொடைக்கு அப்பால் ஒரு வகுப்பறை

கொழும்பிலே வாழும் தமிழர், கோபம் வந்தபோதும் கேலி பேசும்போதும், "நீ அங்கொடைக்குப் போக வேண்டிய ஆள்" என்று கூறுவதைக் கேட்டிராதார் நம்மிடையே அரியர். வெள்ளவத்தைச் சந்தையிலும், கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும், பாடசாலை மைதானங்களிலும் அவ்வசை இன்றும் வழங்குகின்றது. கொலன்னாவைப் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்கிய ஒரு சிற்றூர் அங்கொடை. அதன் பெயர் வசைச்சொல்லாகும்படி அவ்வூர் செய்த குற்றம் யாது? மனம் நொந்தவர்களுக்கு இடம் கொடுத்தமையே அதன் குற்றம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். கணக்கிலே கெட்டிக்காரர். இடையிலே மனநோய் கண்டு, சில மாதங்கள் வைத்தியசாலையில் இருந்து, குணமடைந்து வீடு திரும்பியவர். முன்னர் வேலை பார்த்த இடத்தில் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவர் சொன்னார்: "மருந்து ஒழுங்காய்க் குடிக்கிறன், சேர். ஆனால் காலமை எழும்பினால் போறதுக்கு ஓர் இடமில்லை."

அவ்வாக்கியம் என்னை நெடுநாள் வருத்திற்று. நம் நாட்டு மனநலப் பணியின் குறை முழுவதும் அதனுள் அடங்கிக் கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1880களில், கறுவாத்தோட்டத்திலே மனநோயாளருக்கென ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. அங்கே இடநெருக்கடி மிகுந்தபோது, 1920களில், நகருக்கு வெளியே அங்கொடையில் புதிய வைத்தியசாலை அமைந்தது. பழைய கட்டடம் அரசாங்கக் காரியாலயமாகிப் பின்னர் 2014 இல் வணிக அங்காடியாயிற்று. இன்று அங்கே உலாவுவோரில் பலர் அதன் பழங்கதையை அறியார். அங்கொடை வைத்தியசாலையோ தேசிய மனநல நிறுவகமாக வளர்ந்துள்ளது. வைத்தியமும் முன்னேறியிருக்கின்றது. 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையைப் பெரிய வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டு செல்ல வேண்டும் என்றது. எனினும், சிகிச்சை முடிந்த மறுநாட் காலையில் ஒருவன் எங்கே செல்வான் என்ற வினாவுக்கு நாம் இன்னும் நிறைவான விடை காணவில்லை.

இவ்வினாவுக்கு இங்கிலாந்தில் கண்ட விடையொன்று ஆராயத்தக்கது. 2009 இல் தென்மேற்கு இலண்டனிலும், 2011 இல் நொட்டிங்ஹாமிலும் 'மீட்சிக் கல்லூரி' என்னும் பெயரில் இலவச வகுப்புகள் தொடங்கின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இம்முறை பரவியிருக்கின்றது. உறக்கமின்மையை எதிர்கொள்ளுதல், அச்சத்தோடு வாழப் பழகுதல், மருந்துகளைப் புரிந்துகொள்ளுதல், வேலைக்குத் திரும்புதல், நோயுற்றவரைக் குடும்பத்தார் பேணுதல் ஆகியன பாடங்கள். ஒவ்வொரு பாடத்தையும் இருவர் சேர்ந்து அமைத்து, இருவர் சேர்ந்தே நடத்துவர். ஒருவர் மனநலத் தொழில் கற்றவர். மற்றவர் அத்துன்பத்தைத் தாமே அனுபவித்து மீண்டவர். வருபவர் தமக்கு வேண்டிய பாடத்தைத் தாமே தேர்ந்து பதிவு செய்வார். நோயுற்றவரும், அவருடைய தாயாரும், வைத்தியசாலைத் தாதியும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்பர்.

இதன் சிறப்பு பாடத்திட்டத்தைக் காட்டிலும் உறவு முறையிலேயே தங்கியிருக்கின்றது. வைத்தியர் முன்னே நோயாளி தம் குறையை எடுத்துச் சொல்ல வேண்டியவராகிறார். வகுப்பிலே அவர் கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேசலாம், நாளடைவில் தாமே கற்பிக்கவும் தொடங்கலாம். துன்பத்தால் பெற்ற அறிவுக்கு அங்கே மதிப்புண்டு.

இவ்விடத்தில் நம் நாட்டின் இரு பெருஞ் செல்வங்களை நினைக்கிறேன். ஒன்று இலவசக் கல்வி. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. மற்றையது இலவச வைத்தியம். ஏழைத் தொழிலாளியின் பிள்ளை பல்கலைக்கழகம் செல்வதும், அத்தொழிலாளி காசின்றிச் சிகிச்சை பெறுவதும் இவற்றால் இயன்றன. ஆயினும் பாடசாலையும் வைத்தியசாலையும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்துவிட்டன. இவ்விரண்டும் சந்திக்கும் இடமாக மீட்சி வகுப்பு அமையக்கூடும்.

இது நமக்கு முற்றிலும் புதிதுமன்று. போர்க்காலத்தில், மனநல வைத்தியர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த யாழ்ப்பாணத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடைய சகாக்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்த்தொண்டர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி அளித்தனர். அப்பயிற்சி தமிழிலே நடந்தது. வைத்தியரின்றியும் தொடரக்கூடிய பணியைக் கற்பித்தலின் வழியே வளர்க்கலாம் என்பதற்கு அது நம் வீட்டுச் சான்று.

கொலன்னாவையில் இதன் தேவை மிகப் பெரிது. 1995 ஒக்டோபரில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் அங்கே இருக்கின்றனர். 2016 மே மாதத்தில் களனி கங்கை வீடுகளுட் புகுந்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பரில் மீண்டும் வெள்ளம். ஒவ்வொரு முறையும் உணவுப் பொதியும் உடையும் வருகின்றன. சில வாரங்களில் எல்லாரும் போய்விடுகின்றனர். மழை இருட்டினாலே நெஞ்சு படபடக்கும் ஒரு தாய் நோயாளியென்று பெயர் பெற விரும்பமாட்டார். 'மழைக்காலத்து அச்சம்' என்றொரு மாலை வகுப்பு உண்டென்றால் அயல்வீட்டாரோடு அவர் வரக்கூடும்.

ஐயங்களும் உள. இத்தகைய வகுப்புகளைக் காட்டி அரசாங்கம் வைத்தியச் செலவைக் குறைத்துவிடும் என்று இங்கிலாந்திலேயே பலர் கண்டித்துள்ளனர். அக்கண்டனம் நியாயமானது. வகுப்பு மருந்துக்கு மாற்றாகாது. கடும் நோயுற்றவருக்கு வைத்தியரே வேண்டும். மேலும், வீடும் வேலையுமில்லாதவனுக்கு மன உறுதி பற்றிப் போதிப்பது, அவன் துன்பத்துக்கு அவனையே பொறுப்பாக்குவதாக முடியலாம். வேலை மறுத்த முதலாளியும் அமர்ந்து கற்கும் வகுப்பாயின் அப்பழி குறையும். மொழியும் இன்றியமையாதது. சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளும் வழங்கும் கொலன்னாவையில் ஒரு மொழியில் மட்டும் நடக்கும் வகுப்பு அரை வகுப்பேயாகும். மனம் நோகும்போது மனிதன் தாய்மொழியிலேயே அழுகிறான்.

தொடங்குவதற்குப் பெருங் கட்டடம் வேண்டியதில்லை. 1942 முதல் தமிழ் வளர்க்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கின்றது. சனி, ஞாயிறுகளில் ஓய்ந்திருக்கும் பாடசாலை அறைகள் பல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாம் இருக்கிறோம். நமக்குப் பயிற்சியளிக்க மனநல வைத்தியர் ஒருவரும், நோயை வென்று மீண்ட ஒருவரும் முன்வந்தால் முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம். அவசர வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் இருக்கின்றது என்பதை அவ்வகுப்பின் முதற் பாடமாகக் கரும்பலகையில் எழுதலாம்.

என் மாணவரிடம் இவ்வெண்ணத்தைக் கூறினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "நான் அங்கே வந்து படிக்க வேண்டுமா, சேர், படிப்பிக்க வேண்டுமா?"

இரண்டுக்குமே இடமுண்டு என்றேன். அந்த இடத்தை அமைத்துத் தருவது இனி நம் பொறுப்பு.