மீண்டும் அழைப்பதா, வேண்டாமா?



சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் எழுந்த வாக்குவாதம் வரவு செலவைப் பற்றியதன்று; பொங்கல் விழாவைப் பற்றியதும் அன்று. ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றியது. ஞாயிறுதோறும் கிர்க்கித் திடலில் ஆடும் நம் இளைஞர் அணியில் பல ஆண்டுகள் பின்வரிசையைக் காத்து நின்றவர் ஒருவர் உண்டு. பிள்ளைகள் அவரை 'மாமா' என்றே அழைப்பர். நாமும் அப்படியே குறிப்போம். வேலை மாற்றலாகி நாகபுரிக்குச் சென்றவர், நான்கு ஆண்டுகள் கழித்துப் புனேக்குத் திரும்பியிருக்கிறார். வயது 43. "அவரைத் திரும்பச் சேர்த்தால்தான் அணி உருப்படும்" என்றனர் ஒரு சாரார். "அவருக்கு மாலை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, இடம் மட்டும் போடாதீர்கள்" என்றனர் மறு சாரார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. இப்பகுதியில் என் கருத்தை எழுதுமாறு இரு சாராரும் கேட்டுக்கொண்டனர்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பெரிய பெரிய அணிகளும் இதே கேள்வியில் இடறியிருக்கின்றன. நமக்கு அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

2015 டிசம்பர் 12ஆம் தேதி மாலை பாலேவாடி அரங்குக்கு நம்மில் சில குடும்பங்கள் சென்றிருந்தோம். சென்னையை வெள்ளம் சூழ்ந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. உறவினர் நலம் அறியத் தொலைபேசியும் கையுமாக இருந்த நாட்கள் அவை. இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த இயலாமையால், சென்னையின் எஃப்.சி. அணி தன் 'சொந்த மண்' ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. தன் வீட்டுக் கல்யாணத்தை அயலார் வீட்டில் நடத்திய கதைதான். நமக்கோ, புறப்பட்டு வந்த ஊரே நம்மைத் தேடி வந்தது போன்ற உணர்ச்சி. அட்லெட்டிகோ டி கொல்கத்தா அணியை அன்று 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் இறுதிக்குச் சென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில், ஆட்டம் முடியும் தறுவாயில் 1-2 என்று பின்தங்கியிருந்தவர்கள், அடுத்தடுத்து இரண்டு கோல்கள் பெற்று 3-2 என்று கோப்பையை ஏந்தினார்கள்.

அவ்வணியின் பின்வரிசையில் பெர்னார் மெண்டி என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1981இல் பிறந்தவர். பாரிஸ் சான் ஜெர்மான், ஹல் சிட்டி ஆகிய அணிகளிலும், பிரான்ஸ் நாட்டு அணியிலும் ஆடியவர். சென்னை அவரை 2014, 2015, 2016 என மூன்று பருவங்களுக்கும் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் லீக் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். முதற் சுற்றில் அணிக்கு 14 ஆட்டங்களே. ஆகவே மூத்தவர்களை ஒரு குறும் பருவத்துக்கு அழைப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கமாயிருந்தது. சென்னை 2014இல் 41 வயதான மார்கோ மட்டெராட்சியைப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் அமர்த்தியது. நம் புனே சிட்டி அணியும் அதே ஆண்டு 36 வயதான டேவிட் ட்ரெசகேயை அழைத்தது. பெயரைக் கேட்டே மக்கள் அரங்குக்கு வந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

கோப்பை வென்ற மறு ஆண்டு என்ன ஆயிற்று? 2016இல் மட்டெராட்சியும் இருந்தார், 35 வயது மெண்டியும் இருந்தார். எட்டு அணிகளில் சென்னை ஏழாவதாக நின்றது. முந்தைய ஆண்டு 13 கோல்கள் அடித்த மெண்டோசா போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பின்வரிசையின் அனுபவம் எப்படி நிரப்பும்?

இஃதொரு தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாது. 2018 மார்ச் 17இல் பெங்களூரில் சென்னை இரண்டாம் முறை கோப்பை வென்றது. 2015 அணியில் இருந்த பிரேசில் நாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் மாய்ல்சன் ஆல்வஸ் அன்று தலையால் முட்டி இரு கோல்கள் அடித்தார். 36 வயது ஸ்பானியர் இனிகோ கால்டெரோனும் உடன் இருந்தார். இருவரையும் அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அப்பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவது இடம். பெற்ற புள்ளிகள் 9 மட்டுமே. நடுவரிசையின் முதுகெலும்பாக விளங்கிய வியாசர்பாடி இளைஞர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலாதிருந்தார். முன்னர் நம் புனே எஃப்.சி. அணியில் ஆடியவர் அவர்.

இவற்றைக் காட்டி, "முதியோர் வேண்டா" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அடுத்த ஆண்டே அதே சென்னை அணி 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை சென்றது. அப்போது அணித் தலைவராக நின்றவர் ருமேனிய நாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் லூசியன் கோயன். அவருக்கு வயது 37! ஆகவே குற்றம் வயதில் இல்லை. வென்ற அணியை அப்படியே ஊறுகாய் போட்டு வைக்கலாம் என்ற நினைப்பில்தான் இருக்கிறது.

ஒரு தற்காப்பு ஆட்டக்காரரிடம் வயது எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுவைக்கிறது என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்வரிசைக்காரருக்கு வேகம் போனால் பாதிப் பிழைப்புப் போய்விடும். பின்வரிசைக்காரர் அப்படியல்லர். பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து இரண்டடி தள்ளி நின்றால், ஓட வேண்டிய இருபது அடி மிச்சமாகும். பக்கத்திலுள்ளவரைக் குரல் கொடுத்து நிறுத்தும் கலையும் ஆண்டுகள் செல்லச் செல்ல வளருமேயன்றித் தேயாது. இவை வரவு.

செலவும் உண்டு. ஆஃப்சைடு விதியைத் துணையாகக் கொண்டு பின்வரிசை நால்வரும் ஒரே கோடாக முன்னே ஏறி நிற்பது நல்ல அணியின் இலக்கணம். அப்போது அவர்களுக்குப் பின்னால் வெற்றிடம் கிடக்கும். அங்கே விழும் பந்தை எதிரியோடு போட்டியிட்டு ஓடி எடுக்கக் கால் வேண்டும். கால் தளர்ந்தவர் தன்னை அறியாமலே பத்தடி பின்னால் நிற்கத் தொடங்குவார். அவர் பின்வாங்கினால் மற்ற மூவரும் பின்வாங்க வேண்டும். நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே ஒரு தெரு அகலத்துக்கு இடைவெளி திறந்துவிடும். அங்கிருந்து எதிரி கோல் அடிப்பான். பார்ப்பவர் நடுவரிசையைத் திட்டுவர். உண்மையான காரணம் எவர் கண்ணிலும் படாது. புகழ்பெற்றவர் என்பதால் அவரிடம் சொல்லவும் எவரும் துணியார்.

கடல் கடந்த இரண்டு செய்திகளையும் கேளுங்கள். ஸ்பெயினில் செவில்லா அணி வளர்த்த செர்ஜியோ ராமோஸ், 2005இல் 19 வயதில் ரியல் மாட்ரிட் அணிக்குச் சென்று பெரும்புகழ் எய்தியவர். 2023 செப்டம்பரில், 37 வயதில், தாய்வீடான செவில்லாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டு மே மாதம் ஐரோப்பா லீக் கோப்பையை வென்ற அணி அது. ஆனால் அப்பருவத்தில் பயிற்சியாளர் இருமுறை மாற்றப்பட்டார். அணி 14ஆவது இடத்தில் முடிந்தது. ராமோஸ் ஒரு பருவத்தோடு விடைபெற்றார்.

பிரேசிலில் ஃப்ளுமினென்ஸ் அணிக்கும் அதே நிலைதான். 2023இல் தென்னமெரிக்கக் கண்டத்தின் கோப்பையை வென்றவர்கள், 2024இன் நடுவில் லீக் பட்டியலின் கடைசியில் கிடந்தார்கள். 2006 முதல் 2008 வரை அங்கே ஆடிய தியாகோ சில்வா, 39 வயதில் திரும்பி வந்தார். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பி 13ஆவதாக முடிந்தது. 2025 சங்க உலகக் கோப்பையில் அவர் தலைமையில் அரையிறுதி வரை சென்றது. ஒருவருக்கு வாய்த்தது மற்றவருக்கு ஏன் அவ்வளவாக வாய்க்கவில்லை? ராமோஸ் திறமையில் குறைந்தவர் அல்லர். கூரை முழுதும் ஒழுகும் வீட்டில் ஒரு தூணை மட்டும் நிறுத்திவிட்டு, மழையே தூணுக்கு அஞ்ச வேண்டும் என்று எதிர்பார்த்தால் நடக்குமா?

இன்னொன்றையும் நாம் அறிவோம். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, புறப்பட்ட நாளில் இருந்த அதே ஆளைத்தான் ஊர் நம்மிடம் தேடுகிறது. நாமும் ஊரில் பழைய தெருவைத் தேடுகிறோம். இரண்டும் அங்கே இல்லை. மாமா திரும்பி வந்தார் என்றால், நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்றவர் வந்தார் என்று பொருளன்று. அவர் இடத்தில் இப்போது ஆடுபவன் புனேயிலேயே பிறந்து வளர்ந்த 17 வயதுப் பிள்ளை. சென்ற ஆண்டு நிறையப் பிழை செய்தான், இவ்வாண்டு குறைத்திருக்கிறான். அவரை உள்ளே அழைக்கும் அதே கை இவனை வெளியே அனுப்பக் கூடாது.

ஆகவே என் கருத்து இது: மாமாவை அழைக்கலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் அழைக்க வேண்டும்; பருவ முடிவில் மறுபடி கூடிப் பேச வேண்டும். அந்தப் பிள்ளையின் இடத்தில் அன்று, அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்கு நாம் பட்டுள்ள நன்றிக்கடனைத் தீர்க்க விழா எடுப்போம், பொன்னாடை போர்த்துவோம். பதினொருவரில் ஓரிடத்தைக் கொண்டு கடன் அடைக்க வேண்டா.

இவ்வளவு வாதாடிய நாம், அவரையே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. சென்ற வியாழனன்று அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "ஐயா, கூப்பிட்டால் வருகிறேன். எனக்கும் ஆசைதான். ஆனால் எந்த நாள் நான் கோட்டைப் பின்னுக்கு இழுக்கிறேனோ, அந்த நாள் அந்தப் பையன் என்னிடம் சொல்ல வேண்டும். என் வயதுக்கு மரியாதை வைத்துச் சொல்லாமல் இருந்துவிடுவான் என்பதுதான் என் பயம். அவன் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்."

செயற்குழு வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை மீண்டும் கூடுகிறது. என் வாக்கைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். அன்பர்கள் தங்கள் கருத்தை அதற்குள் செயலாளரிடம் எழுத்து மூலம் சேர்ப்பிக்கக் கோருகிறேன்.