அபராதம் போடத் தெரிந்த அரசு, வார் கட்டக் கற்றுத்தருமா?

2019 செப்டம்பர் 8 இரவு. பழனி சென்று ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்த இடுக்கிக் குடும்பம் ஒன்று மூணாறை அடுத்த ராஜமலையைக் கடந்தது. அசந்து தூங்கிவிட்ட தாயின் கையிலிருந்து நழுவி, ஒரு வயதுக் குழந்தை சாலையில் விழுந்தது. ஜீப்பில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தை தவழ்ந்தே வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு வந்தது. அங்கிருந்தவர்கள் எடுத்துக் காப்பாற்றினார்கள். வீட்டருகே வண்டி நின்றபோதுதான் குழந்தை இல்லாதது பெற்றோருக்குத் தெரிந்தது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துப் பதறியது. தெய்வச் செயல் என்றார்கள் சிலர். தாயைக் குறை சொன்னார்கள் சிலர். அந்த ஜீப்பில் குழந்தையைக் கட்டி உட்கார வைக்க என்ன வசதி இருந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 1-ல்தான், திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது அதன் 194-பி பிரிவு. இருசக்கர வண்டிக்கும் விதி உண்டு. 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.

2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர், குழந்தை இருக்கை இல்லாவிட்டால் டிசம்பர் முதல் அபராதம் என்று அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய அமைச்சர் கே.பி.கணேஷ்குமார், அபராதம் கிடையாது, விழிப்புணர்வு மட்டுமே என்று பின்வாங்கினார். நம்மவர்களும் பெருமூச்சு விட்டார்கள். தோழர்களே, இதில் மகிழ என்ன இருக்கிறது? அபராதம் போனது, ஆபத்து போகவில்லையே!

கஞ்சுக்கூலிக்காரன் காரா வைத்திருக்கிறான் என்று கேட்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாளையாறு தாண்டி ஊருக்குப் போகும் வாடகை வண்டிகளைப் பாருங்கள். கூட்டுச் சேர்ந்து வாங்கிய பழைய மாருதி வண்டிகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் குழந்தைகள் தாயின் மடியில்தான். மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைக்கிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 100 கிலோவுக்கும் மேலான பாரமாக முன்னே பாயும். மூட்டை தூக்கிப் பழகிய கையாலும் அதைத் தடுக்க முடியாது. முன் இருக்கையோ இன்னும் மோசம்: விரியும் காற்றுப்பையே குழந்தையைக் கொன்றுவிடும்.

சரி, கடன்பட்டு இருக்கையை வாங்கிவிட்டோம், யார் பொருத்துவது? சரியாகப் பொருத்தினால் கைக்குழந்தைகளின் சாவை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாம் அந்தச் 'சரியாக' என்ற சொல்லில்தான் இருக்கிறது. இருக்கை பின் சீட்டில் இருக்க வேண்டும். கைக்குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. தோள் வாரைக் கிள்ளினால் விரலில் மடிப்புச் சிக்கக் கூடாது. படித்தவர் நிறைந்த அமெரிக்காவிலேயே ஏறக்குறைய பாதி இருக்கைகள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக அந்நாட்டு அரசின் ஆய்வு கண்டது. அதனால்தான் அங்கே பயிற்சி பெற்றவர்கள் பல ஊர்த் தீயணைப்பு நிலையங்களில் இலவசமாகச் சோதித்து, பெற்றோரின் கையாலேயே கட்ட வைத்துக் கற்றுத்தருகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் ரயில்வேயில், பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாமல் வண்டி கிளம்பாது. சரக்கு வண்டிக்கு உள்ள அந்தச் சோதனை தொழிலாளியின் குழந்தைக்குக் கூடாதா?

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: மோட்டார் வாகனத் துறையும் புதுசேரிப் பஞ்சாயத்தும் மாதம் ஒரு நாளாவது கஞ்சிக்கோட்டில் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தி, இருக்கையையும் இருசக்கர வாரையும் இலவசமாகப் பொருத்திக் காட்ட வேண்டும்.

இரண்டு: குழந்தை வளர்ந்ததும் இருக்கை பரணுக்குப் போகிறது. விபத்தில் சிக்காத, உடையாத, வார் அறாத இருக்கைகளைக் குடும்பஸ்ரீ மூலம் இரவல் தர ஏற்பாடு வேண்டும். நம் சங்கமும் இதில் கைகொடுக்கலாம்.

மூன்று: அறிவிப்புகளும் விளக்கமும் தமிழிலும் வர வேண்டும். அபராதச் சீட்டை மட்டும் எந்த மொழியிலும் புரிந்துகொள்ள வேண்டியவர்களா நாம்?

நான்கு: போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றும் ஜீப்புகளின் பக்கவாட்டு பெஞ்சுகளில் பெல்ட்டே இல்லை. பெல்ட் இல்லாத இடத்தில் எந்த இருக்கையைக் கட்டுவது? பெல்ட் உள்ள வண்டிக்குத் தோட்ட முதலாளிகளே பொறுப்பேற்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஊருக்கு வண்டி பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா, அது இழுத்தால் பிடிக்கிறதா என்று பார்த்துப் பேசுங்கள். குழந்தையோடு வருபவர்களுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். இந்தக் கோரிக்கைகளை அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். தனியாகப் போகாமல் பத்துக் குடும்பமாகப் போங்கள்.