குழந்தைக்குமா ஸெண்ட்?

ஐந்து வயதுக் குழந்தை அக்குளில் பூசிக்கொள்ள ஸெண்ட் விற்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெரிய கடைகளில் கரடிப் பொம்மையும் வானவில்லும் அச்சிட்ட குப்பிகளில் அடைத்து, குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் வியாபாரி அடுக்குவானா?

எனக்கு ஸெண்டின் மீது விரோதம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் தாராளமாகப் பூசிக்கொள்ளட்டும். சாயங்கால பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறவர் பூசிக்கொண்டிருந்தால் நான் அவருக்கு நன்றியே சொல்வேன். ஆனால் குழந்தையின் விஷயம் வேறு. குழந்தையின் உடம்பில் ஒரு கெட்ட வாடை வருகிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேட வேண்டிய பெற்றோரின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, "தேடாதே, மூடு" என்று சொல்கிறார்களே, அந்த உபதேசத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் உடம்பின் சங்கதியைப் பார்த்துவிடுவோம். நம் தோலில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒரு வகை உடம்பு முழுவதும் பரவியிருப்பது. பிறந்தது முதலே வேலை செய்வது. அதில் ஊறுவது ஏறக்குறைய வெறும் தண்ணீரும் உப்பும்தான். மற்றொரு வகை அக்குளிலும் தொடை இடுக்கிலும் குடியிருப்பது. பருவம் நெருங்கும் வரையில் அது தூங்கிக்கொண்டிருக்கும். விழித்துக்கொண்ட பிறகு அதில் ஊறும் திரவத்தில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைக்கும்போதுதான், நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமே, அந்த வியர்வை நாற்றம் பிறக்கிறது. ஆகவே சின்னக் குழந்தை வெயிலில் எவ்வளவு ஓடியாடி வேர்த்தாலும் அதன் அக்குள் பெரியவர்களின் அக்குளைப்போல நாறுவதில்லை. நாறாத அக்குளுக்கு ஸெண்ட் விற்பது, மொட்டைத் தலையனுக்குச் சீப்பு விற்பதைவிடக் கெட்டிக்காரத்தனமான வியாபாரம்.

"அப்படியானால் என் குழந்தையிடம் வாடை வருகிறதே, அது பொய்யா?" என்று ஒரு தாய் கேட்கலாம். பொய்யில்லை, அம்மா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் வழிந்த பால் புளித்திருக்கலாம். ஐப்பசி மழையில் சரியாகக் காயாத சட்டையாக இருக்கலாம். இரவில் நனைந்த பாயாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரையில் நைலான் காலுறையும் மூடிய பூட்ஸும் மாட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் காலாக இருக்கலாம். சொத்தைப் பல்லாக இருக்கலாம். சீழ் வடியும் காதாக இருக்கலாம். மலச்சிக்கல் முற்றி உள்ளாடையில் கசிவதாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் உண்டு. எதற்கும் பரிகாரம் ஸ்ட்ராபெரி வாசனை அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் நோட்டில் சீட்டு வந்தது: குழந்தையைச் சுத்தமாக அனுப்பவும் என்று. தாய்க்கு அவமானம் பிடுங்கித் தின்றது. காலையிலும் மாலையிலும் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கழுத்து வெளுக்கப் பவுடர் கொட்டினாள். இரண்டாவது சீட்டு வந்தது. மூன்றாவது வாரம் குழந்தையைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். மற்றக் குழந்தைகள் அவளுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டன. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. "ஏண்டி, இந்தப் பெண்ணுக்கு வலது மூக்கு மட்டும்தானே ஒழுகுகிறது?" என்று கேட்டார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்; ஒரு சிறு கொக்கியை விட்டு இரண்டே நிமிஷத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வெளியே எடுத்துப் போட்டார். மெத்தையிலிருந்து பிய்த்து விளையாட்டாகத் திணித்துக்கொண்டது. ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார் என்பது, குழந்தை வைத்தியத்தில் பால பாடம். புளியங்கொட்டை, கடலைப் பருப்பு, காகிதம் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: வீட்டில் ஊக்கையும் ஹேர்பின்னையும் வைத்துக்கொண்டு யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது, உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

ஸ்பாஞ்சை டாக்டர் எடுத்துவிட்டார். நாலு நாளில் நாற்றமும் போய்விட்டது. அந்தப் பெயரை எடுப்பதற்கு எந்த டாக்டரிடம் போவது?

இது ஏதோ ஒரு குழந்தையின் தனிக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நார்வே தேசத்தில் போர்க்னி எகெலாண்ட் என்று ஒரு தாய் இருந்தாள். அவளுடைய இரண்டு குழந்தைகளுக்கும் அறிவு வளரவில்லை. இருவரிடமும் விசித்திரமான ஒரு வாடை வீசியது. அவள் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள். "இந்த வாடை ஏன்?" என்ற கேள்வியை மட்டும் விடவில்லை. கடைசியில் 1934-இல் ஆஸ்லோ நகரத்து டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைடைக் கலந்ததும் அது யாரும் எதிர்பாராத பச்சை நிறமாக மாறியது. உணவில் உள்ள பினைல் அலனின் என்ற சத்தை அந்தக் குழந்தைகளின் உடம்பால் பக்குவப்படுத்த முடியவில்லை. அது தேங்கித்தான் மூளையைக் கெடுத்தது. பினைல்கீட்டோனூரியா என்ற நோய் உலகத்துக்குத் தெரியவந்த கதை இதுதான். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் அதற்கான பத்தியச் சாப்பாட்டைத் தயார் செய்தார்கள். 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் துளி ரத்தத்திலேயே நோயைக் காட்டிக்கொடுக்கும் சோதனையைக் கொண்டுவந்தார். அந்தத் தாயின் குழந்தைகளுக்கு இதெல்லாம் காலம் கடந்து வந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் எத்தனையோ குழந்தைகள் அறிவோடு வளர்ந்தார்கள்.

நான் கேட்கிறேன்: அந்தத் தாயின் கையில் அன்றைக்கு யாராவது ஒரு ஸ்ட்ராபெரிக் குப்பியைக் கொடுத்து அவளும் சமாதானமாகியிருந்தால்?

இத்தகைய நோய்கள் அபூர்வமானவை. எல்லாரும் பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் அபூர்வம் அல்லாதவையும் இருக்கின்றன. குழந்தையின் மூச்சில் கனிந்த பழம்போல, நகப்பூச்சை அழிக்கும் திரவம்போல ஒரு வாடை. கூடவே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு, வாந்தி என்றால் அது நீரிழிவு முற்றிய அடையாளமாக இருக்கலாம். நாளைக்கு என்று வைக்காமல் அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்னும், ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன்னும் பெரியவர்களைப்போல அக்குள் நாற்றம் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கொஞ்சம் முந்திக்கொண்டு விழித்திருக்கும்; பயம் ஒன்றுமில்லை. சில சமயங்களில் கவனிக்க வேண்டிய கோளாறாகவும் இருக்கும். உயரத்தை அளந்து, தேவைப்பட்டால் கையை எக்ஸ்ரே எடுத்து, ரத்தத்தையும் சோதித்து டாக்டர் சொல்லிவிடுவார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "பெண் பிள்ளை, நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்று அந்த ஏழு வயதுச் சிறுமியின் அக்குளில் ஸெண்டை அடித்து அனுப்பிவிடுகிறார்கள். நாலு பேருக்குப் பயந்து நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

இனி அந்த நாலு பேரைப் பற்றி.

பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். நல்ல சொல்லாகப் பிறந்த அது இன்று பிறரைக் குத்துவதற்கான ஆயுதமாகிவிட்டது. வகுப்பில் எந்தக் குழந்தை நாறுகிறது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? மீன் விற்கிறவளின் குழந்தை. தோல் பதனிடுகிறவரின் குழந்தை. துப்புரவுத் தொழிலாளியின் குழந்தை. கார் வைத்திருக்கிறவர் வீட்டுக் குழந்தை நேற்றுப் போட்ட காலுறையையே இன்றும் போட்டு வந்தாலும் அது நாறுவதில்லை. நம் மூக்குக்கு ஜாதியும் தெரியும், சம்பளமும் தெரியும். சொந்த வீட்டில் கருவாடு வறுபட்டால் நாக்கில் ஜலம் ஊறுகிறது. அடுத்தவன் பிள்ளையின் சட்டையில் அதே வாசனை வந்தால் குமட்டுகிறது.

சீட்டு எழுதுகிற பள்ளிக்கூடங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் நல்ல குடிநீரும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் கழிப்பறைகளைக் கட்டி முடியுங்கள் என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு போட்டது. கட்டடம் எழும்பினால் மட்டும் போதுமா? குழாயில் தண்ணீர் வர வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். தினமும் யாராவது கழுவ வேண்டும். இவை இல்லாத இடத்தில் குழந்தை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டு, கடைசி மணிக்கு முன்னால் கொஞ்சம் நனைத்துக்கொள்கிறது. மறு நாள் அதன் வீட்டுக்குத்தான் சீட்டுப் போகிறது! அந்தச் சீட்டை எழுதுவதற்கு முன்னால் தலைமையாசிரியர் தம் பள்ளிக் கழிப்பறையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.

"இருக்கட்டும் ஐயா, ஒரு சொட்டு வாசனையில் என்ன குடி முழுகிவிடும்?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகிறவற்றில் வாசனைப் பொருள்களும் சேர்ந்தவை என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். பவுடரின் கதை இன்னும் பெரிது. டால்க் மாவைக் குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர்கள் எத்தனையோ காலமாக எச்சரித்தார்கள், நாம் கேட்கவில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியார், டால்க் கலந்த குழந்தைப் பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தப்போவதாக 2020-இல் அறிவித்தார்கள். உலகம் முழுவதும் 2023-இல் நிறுத்தினார்கள். பவுடரில் தீங்கில்லை என்றே அவர்கள் வாதாடினார்கள். ஆனால் 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டால்க்கைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது.

பழமையைக் கொண்டாடும் கட்சிக்காரர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். எண்ணெய்க் குளியலும் பயற்றம் மாவும் எனக்குச் சம்மதம். ஆனால் பச்சைக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சாம்பிராணிப் புகை காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. புகை பாட்டி போட்டாலும் புகைதான். சின்ன நுரையீரலுக்குப் பாரம்பரியம் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு வேறொன்று. "உன் உடம்பு அசிங்கம், அதை மூடிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்" என்ற பாடத்தை ஐந்து வயதிலேயே அந்தக் குப்பி கற்றுக் கொடுக்கிறது. அந்தப் பாடம் ஒரு தடவை ஏறிவிட்டால் எந்த சோப்பு போட்டாலும் போகாது. அப்புறம் ஆயுள் முழுவதும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டே இருப்பான். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

நம் பாஷையில் 'உச்சி முகர்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பெற்றவள் பிள்ளையின் தலையைத் தன் முகத்தோடு சேர்த்து மூச்சை இழுப்பதற்குப் பெயர். அன்பு காட்டுவதற்கு மூக்கைப் பயன்படுத்துகிற ஜனங்கள் நாம். அந்த மூக்குக்குத் தன் குழந்தையின் வாசனை தெரியும். அது மாறினாலும் தெரியும். தெரிந்தால் சட்டையைப் பாருங்கள், வாயைப் பாருங்கள், மூக்கைப் பாருங்கள், டாக்டரைப் பாருங்கள். ஸெண்டை அடித்துவிட்டால் தாயின் மூக்கு குருடாகிவிடும்.