கப்பல் புதுசுதான்... பயணம் பாதுகாப்பானதா? கிரீஸ் ஃபெர்ரிகளின் 'நவீன' கதை

கிரீஸ் நாட்டில் மக்கள் வசிக்கும் தீவுகள் மட்டும் 200-க்கும் மேல். பெரும்பாலான தீவுகளில் விமான நிலையம் கிடையாது. மருந்து, சிமென்ட் மூட்டை, காய்கறி லாரி, பள்ளி ஆசிரியர், சுற்றுலாப் பயணி என எல்லாமே வந்து இறங்குவது கப்பலில்தான். நமக்குப் பேருந்து எப்படியோ, அங்கே ஃபெர்ரி அப்படி.

இந்த ஃபெர்ரிகளை ஓட்டும் நிறுவனங்கள் எல்லாமே விளம்பரத்தில் ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றன: 'நவீன கப்பல்கள்'. நவீனம் என்றால் என்ன? புது பெயின்ட்டா, வேகமா, பாதுகாப்பா? அதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கப்பல்களை ஓட்டுவது யார்?

கிரீஸ் ஃபெர்ரி உலகில் இன்று பெரிய பெயர் அட்டிகா குழுமம். சூப்பர்ஃபாஸ்ட், ப்ளூ ஸ்டார், ஹெலனிக் சீவேஸ் ஆகிய பிராண்டுகள் இதன் கையில் இருக்கின்றன. ஹெலனிக் சீவேஸை 2018-ல் வாங்கியது. 2023 டிசம்பரில் கிரீட் தீவைச் சேர்ந்த ஆனெக் நிறுவனத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்னொரு பெரிய நிறுவனமான மினோவன் லைன்ஸ், 2008 முதல் இத்தாலியின் கிரிமால்டி குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சீஜெட்ஸ், கோல்டன் ஸ்டார், ஃபாஸ்ட் ஃபெர்ரிஸ் போன்றவையும் களத்தில் உள்ளன.

'நவீன' கப்பல் எப்படி இருக்கும்?

ப்ளூ ஸ்டார் டெலோஸ் (2011), ப்ளூ ஸ்டார் பாட்மோஸ் (2012) இரண்டையும் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே தென்கொரியாவின் டேவூ கப்பல் கட்டும் தளத்தில், கிரேக்கத் தீவுகளுக்காகவே வடிவமைத்துக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 பேரோ அதற்கு மேலோ பயணிக்கலாம். அடித்தளத்தில் கார், லாரி, மேலே ஆட்கள். வேகம் சுமார் 25 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர்.

வேகத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கப்பல்கள் தீவுத் துறைமுகத்துக்குள் வந்து, இருந்த இடத்திலேயே திரும்பி, பின்பக்கத்தைக் கரையில் ஒட்டி, சாய்தளத்தை இறக்கிவிடும். சில நிமிடங்களில் வண்டிகள் இறங்கி, புது வண்டிகள் ஏறி, கப்பல் கிளம்பிவிடும். சின்னத் துறைமுகம், பலத்த காற்று, ஒரே நாளில் நான்கைந்து தீவுகள். இதற்கு ஏற்ற இயந்திர பலமும், பக்கவாட்டில் தள்ளும் உந்துவிசைக் கருவிகளும் வேண்டும்.

சின்ன அளவிலும் புதுமை நடக்கிறது. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள சரோனிக் தீவுகளுக்கு 2022-ல் வந்த மூன்று 'ஏரோ ஹைஸ்பீட்' படகுகள் கார்பன் ஃபைபரால் ஆனவை. நார்வேயின் ப்ரோட்ரெனெ ஓ நிறுவனம் கட்டியது. எடை குறைவு, அதனால எரிபொருள் செலவும் குறைவு.

ஆனால், எல்லாக் கப்பலும் இப்படியில்லை. அதே ப்ளூ ஸ்டார் பிராண்டில் ஓடும் ப்ளூ ஹொரைசன், 1987-ல் ஜப்பானில் கட்டப்பட்டது. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய ஃபெர்ரிகளை வாங்கி, பைரியஸ் பக்கத்திலுள்ள பெராமா பட்டறைகளில் மாற்றியமைத்து ஓட்டுவது கிரீஸில் நீண்டகால வழக்கம். அதனால 'நவீன கப்பல்கள்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் 25 வயது இடைவெளிகூட இருக்கலாம்.

1966: ஒரு லாரி மூழ்கடித்த கப்பல்

இந்தக் கதை எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் இன்றைய விதிகள் புரியும்.

1966 டிசம்பர் 7 இரவு. கிரீட் தீவின் சூடா துறைமுகத்திலிருந்து பைரியஸுக்குக் கிளம்பியது ஹெராக்லியோன் என்ற கப்பல். 1949-ல் பிரிட்டனில் சரக்கு - பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்டு, பிறகு கார் ஃபெர்ரியாக மாற்றப்பட்டது. நடுக்கடலில் புயல். சரியாகக் கட்டப்படாத ஒரு குளிர்சாதன லாரி, கப்பலின் பக்கவாட்டுக் கதவில் மோதிக்கொண்டே இருந்தது. கதவு உடைந்தது, கடல் உள்ளே புகுந்தது. மறுநாள் அதிகாலையில் ஃபால்கொனேரா தீவுக்கு அருகே கப்பல் மூழ்கி, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கிரீட் மக்கள் கோபப்பட்டதோடு நிறுத்தவில்லை. 'நம்ம கப்பலை நாமே ஓட்டுவோம்' என்று ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு பங்குகளாகப் பணம் போட்டு 1967-ல் தொடங்கியதுதான் ஆனெக். 2023-ல் அட்டிகாவில் கரைந்துபோனது இதே நிறுவனம்தான். பெருங்கடனில் சிக்கிய ஆனெக்கால் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

2000: கதவு இருந்தது, மூடவில்லை

அடுத்த பெரிய பாடம் 2000 செப்டம்பர் 26. எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் பாரோஸ் தீவுக்கு அருகே, எல்லோருக்கும் தெரிந்த, விளக்கு எரிந்துகொண்டிருந்த பாறைத் திட்டில் மோதியது. 81 பேர் இறந்தனர்.

கப்பல் 1966-ல் கட்டப்பட்டது, அப்போது வயது 34. 'பழைய கப்பல், அதான் மூழ்கியது' என்று முடித்துவிடலாம். ஆனால் விசாரணையில் வெளிவந்தது வேறு. நீர் புகாமல் தடுக்கும் 11 கதவுகளில் 9 திறந்தே கிடந்தன. அவை மூடப்பட்டிருந்தால், தண்ணீர் பரவுவது தாமதமாகி, பயணிகளைக் காப்பாற்ற நேரம் கிடைத்திருக்கும்.

அதாவது, கப்பலின் வயது ஒரு காரணம். கப்பலில் இருந்தவர்களின் ஒழுங்கு அதைவிடப் பெரிய காரணம். விபத்துக்குப் பிறகு பயணிகள் கப்பல்களுக்கான வயது வரம்பை 35-லிருந்து 30-ஆகக் குறைக்கும் முடிவை கிரீஸ் அரசு எடுத்தது. புதுக் கப்பல்கள் பக்கம் நிறுவனங்கள் திரும்பியதற்கு இந்த அழுத்தமும் ஒரு காரணம்.

வண்டித் தளத்தில் தண்ணீர் வந்தால் ஏன் ஆபத்து?

இதைப் புரிந்துகொள்ள ஒரு தாம்பாளம் போதும். தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்க. லேசா ஒரு பக்கம் சாய்ந்தாலே தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடும், சாய்வு இன்னும் அதிகமாகும். ஃபெர்ரியின் வண்டித் தளம் இப்படித்தான்: நீளமான, தடுப்புச் சுவர் இல்லாத ஒரே தளம். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் கவிழலாம்.

1994-ல் பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பல் மூழ்கி 852 பேர் இறந்த பிறகு, வட ஐரோப்பிய நாடுகள் 'ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்' கொண்டுவந்தன. சேதமடைந்த கப்பலின் வண்டித் தளத்தில், அந்தக் கடலின் அலை உயரத்தைப் பொறுத்து 50 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் அது கவிழாமல் தாங்க வேண்டும் என்பது விதி. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தின் மூலம் இதைத் தெற்கு ஐரோப்பாவுக்கும் கொண்டுவந்தது. 'நவீனம்' என்பதற்குப் பயணியின் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் மிக முக்கியமான அர்த்தம் இதுதான்.

2023: சாய்தளத்தில் நடந்தது

விதி, தொழில்நுட்பம் எல்லாம் சரி. மனிதர்கள்?

2023 செப்டம்பர் 5 அன்று பைரியஸில், கிளம்பிக்கொண்டிருந்த ப்ளூ ஹொரைசன் கப்பலில் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏற முயன்றார் 36 வயதுப் பயணி ஒருவர். சாய்தளத்தில் நின்ற ஊழியர்கள் அவரைத் தள்ள, கடலில் விழுந்து இறந்துபோனார். கப்பல் நிற்காமல் கிளம்பியது. வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கேப்டன் மீதும் ஊழியர்கள் மீதும் வழக்கு பதிவானது. இந்தச் சம்பவம் பற்றிய பேச்சால் கடும் எதிர்ப்பைச் சந்தித்த கப்பல் துறை அமைச்சர் மில்டியாடிஸ் வர்விட்ஸியோடிஸ், செப்டம்பர் 11 அன்று பதவி விலகினார்.

சில நிமிடங்களில் வந்து, சில நிமிடங்களில் கிளம்பும் அந்த வேகத்தைத்தான் மேலே 'திறமை'யாகப் பார்த்தோம். அதன் இன்னொரு முகம் இது. எந்தத் தென்கொரியக் கப்பல் தளமும் இதைச் சரிசெய்து கொடுக்க முடியாது.

இப்போது புது நெருக்கடி என்ன?

புகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் வணிகத் திட்டத்துக்குள் 2024-ல் கப்பல்களும் வந்துவிட்டன. 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள், 2024-ல் வெளியிட்ட கார்பனில் 40 சதவீதத்துக்கும், 2025-க்கு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் 100 சதவீதத்துக்கும் அனுமதிச் சீட்டு வாங்கித் தர வேண்டும். 2025 மே 1 முதல் மத்திய தரைக்கடல் முழுவதும் எரிபொருளில் கந்தக அளவு 0.5 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. சுத்தமான எரிபொருள் விலை அதிகம்.

இதில் ஒரு சலுகை உண்டு. 2 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வசிக்கும் தீவுகளுக்கான உள்நாட்டு ஃபெர்ரிகளுக்கு 2030 இறுதி வரை கார்பன் கட்டணத்திலிருந்து விலக்கு தரலாம். நாக்ஸோஸ், பாரோஸ், சாண்டோரினி தப்பிக்கும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் கிரீட் தப்பிக்காது. தன் மக்களின் காசில் கப்பல் நிறுவனம் தொடங்கிய அதே கிரீட்!

புதுக் கப்பலுக்கு யார் பணம் கொடுப்பது?

இதுதான் உண்மையான சிக்கல். ஆகஸ்ட்டில் டிக்கெட் கிடைக்காத கப்பல், பிப்ரவரியில் பாதி காலியாக ஓடுகிறது. லாபம் கோடையில், செலவு வருடம் முழுக்க. வருமானமே வராத சிறு தீவுத் தடங்களை கிரேக்கர்கள் 'அகோனெஸ் கிராம்மெஸ்' என்கிறார்கள். விளைச்சல் இல்லாத தடங்கள் என்று அர்த்தம். அரசு மானியம் கொடுத்தால்தான் அங்கே கப்பல் போகும்.

ஒரு புதுக் கப்பல் 30 ஆண்டுகள் ஓட வேண்டிய முதலீடு. ஆனால் 10 ஆண்டுகள் கழித்து எந்த எரிபொருள் நிலைக்கும், மெத்தனாலா, மின்சாரமா என்று யாராலும் இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் பெரிய நிறுவனங்கள் பின்னாளில் மெத்தனாலுக்கு மாற்றக்கூடிய கப்பல்களைப் பார்க்கின்றன. சிறிய நிறுவனங்கள் பழையதையே பழுதுபார்த்து ஓட்டுகின்றன. நிறுவனங்கள் ஒன்றாக இணைவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இணைந்தால் கடன் வாங்கும் பலம் கூடும். ஆனால் போட்டி குறைந்தால், டிக்கெட் விலையைக் கேள்வி கேட்க தீவு மக்களுக்கு இருக்கும் வாய்ப்பும் குறையும்.

அப்போ, நவீனம்னா என்ன?

1966-ல் ஒரு லாரியைக் கட்டும் கயிறு. 2000-ல் மூட வேண்டிய ஒன்பது கதவுகள். 2023-ல் சாய்தளத்தில் நின்றவர்களின் நிதானம். மூன்றிலுமே உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது விலை உயர்ந்த தொழில்நுட்பம் இல்லை.

புதுக் கப்பல் தேவைதான். ஆனால் 2030-க்குப் பிறகு சலுகை முடியும்போது, சின்னத் தீவில் வசிக்கும் நோயாளி குளிர்காலத்தில் மருத்துவமனைக்குப் போக ஒரு கப்பல் இருக்குமா, அந்த டிக்கெட்டை அவரால் வாங்க முடியுமா என்பதற்கு விளம்பரத்தில் பதில் கிடைக்காது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது நிறுவனங்கள் மட்டுமல்ல, ஏதென்ஸும் பிரஸ்ஸல்ஸும்தான்.