வீடு விற்போர் மறைக்கலாகாதது

வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றையே பெருந்துணையாகக் கொள்கின்றனர். பதிவான அடமானத்தை அது காட்டும். 2015 டிசம்பரில் சென்னையிற் புகுந்த வெள்ளம் அவ்வீட்டுக் கூடத்தில் எத்துணை உயரம் நின்றதென்று காட்டுமோ? கோடையிற் புதுச்சுண்ணம் பூசிய சுவரும் அதனைச் சொல்லாது. வாங்குவோன் சாதாரண விழிப்பினாற் கண்டறிய இயலாத பெருங்குறையை, அறிந்த விற்போன் உரைத்தே ஆகவேண்டுமென 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதிக்கின்றது. வெள்ளம் புகுதலும் அத்தகைய குறையே என்பது எம் துணிபு. அயலாரை வினவி அறியலாமே என்பர் சிலர். தம் தெருவின் விலை குறைய எவர்தாம் வாய் திறப்பர்?

தரகர் நிலையோ இன்னும் வியப்பு. 2016-ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டம், பதிவுபெற்ற புதிய திட்டங்களை விற்கும் முகவரையே கட்டுப்படுத்தும். பழைய வீட்டுத் தரகர் அதற்குப் புறம்பாவர். ஆயினும் இருபாலும் தரகு கொள்வார் ஒருபாற்கே வாய் திறத்தல் முறையன்று. ஆதலின், நீர் நின்ற அளவைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதித்தருமாறு வாங்குவோர் கேட்பாராக. எழுத மறுப்பவரிடம் முன்பணம் கொடுத்தல் வேண்டா.