தப்பாக ஆட ஓர் இடம் வேண்டும்

தாய்மாமன் என்றால் சீர்த்தட்டோடு முன்னால் நடக்க வேண்டும், மாலை போட வேண்டும், கடைசிப் பந்தி எழும்வரை மண்டபத்தில் நிற்க வேண்டும். இதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இப்போது புதிதாக ஒரு கடமை சேர்ந்திருக்கிறது. ரிசப்ஷன் மேடையில் பெண்டாட்டியோடு ஜோடி போட்டு ஆட வேண்டுமாம். நாத்தனார் மகள் போனில் முடிவாகவே சொல்லிவிட்டாள். "அத்தே, மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்களும் மாமாவும் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடுறீங்க. பாட்டுகூட செலக்ட் பண்ணியாச்சு."

என்ன பாட்டு தெரியுமா? 1997-ல் வந்த 'மின்சார கனவு' படத்தின் 'வெண்ணிலவே'. பிரபுதேவாவும் கஜோலும் ஆடியது. அந்தப் பாட்டின் நடன அமைப்புக்குப் பிரபுதேவா தேசிய விருதே வாங்கினார். அதைத்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறாள். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் வீட்டைவிட்டு இறங்கத் தெரியாதவர் அவர். காபியை ஆற்றும்போது பாதியைத் தரைக்கு வார்ப்பவள் நான். சினிமாவிலாவது ஓர் அசைவு பிசகினால் 'ஒன் மோர்' உண்டு. துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். மண்டபத்தில் ஒரே டேக். தலைக்கு மேல் ட்ரோன் வேறு.

மெஹந்தி, ஹல்தி, சங்கீத் என்று வடக்கத்திக் கல்யாணக் கொண்டாட்டங்கள் ஒவ்வொன்றாக நம் பத்திரிகையிலும் ஏறிவிட்டன. இருக்கட்டும். பொண்ணு மாப்பிள்ளை ஆடுகிறார்கள், பார்க்கக் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. அதோடு விட்டால் தேவலை. சித்தப்பா சித்தி, பெரியப்பா பெரியம்மா, மாமா அத்தை என்று மொய் நோட்டில் பெயர் எழுதுவதுபோல வரிசையாக மேடைக்கு இழுக்கிறார்கள். முடியாது என்றால், "ஏன் அண்ணி, எங்க வீட்டு விசேஷத்துல உங்களுக்கு சந்தோஷம் இல்லையா?" என்று நாத்தனார் கேட்பார். அதற்கு ஆடிவிடுவதே மேல்.

சரி, முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று யோசித்தோம். பரதநாட்டியம் என்றால் அரைமண்டியில் உட்கார்ந்து 'தையா தை' என்று தட்டடவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் முழங்கால்கள் அதற்கு ஒப்பவில்லை. சால்சா சுலபம் என்றார்கள். எட்டே எண்ணிக்கைதான். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் காலை மாற்றி வைத்து, நாலில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழுக்கும் அப்படியே. எட்டில் நிற்க வேண்டும். ஆண் இடது காலை முன்னால் வைத்தால் பெண் வலது காலைப் பின்னால் எடுக்க வேண்டும். நடத்திச் செல்வது அவர் வேலை, பின்பற்றுவது என் வேலை. ஆட்டோக்காரரிடம் "லெஃப்ட்" என்று வாயால் சொல்லிக்கொண்டே வலப்பக்கம் கை காட்டுகிறவர் இவர். காரை ரிவர்ஸ் எடுத்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். இவரை நம்பி நான் பின்னால் நடக்க வேண்டுமாம்!

சோபாவைத் தள்ளிவிட்டு யூட்யூபைப் பார்த்து ஆடிப் பார்த்தோம். நாலில் நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. என் சுண்டுவிரல் நகம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது.

"எண்ணிக்கிட்டே ஆடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எண்ணினா கால் மறந்துபோகுதும்மா. காலைப் பார்த்தா எண்ணிக்கை விட்டுப்போகுது."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது. ஆசை இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். பிள்ளைகள் வெளியூரில், சாயங்காலம் ஆனால் இவர் ஒரு போன், நான் ஒரு போன். வாரத்தில் ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு தப்பும் தவறுமாக ஆடினால் யாருக்கு நஷ்டம்?

வகுப்பு நடத்துகிறவர்களுக்குத்தான் நஷ்டம்போல. விசாரிக்கப் போன இடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி. நம் லட்சணத்தை நாலு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வி, "ஃபங்ஷன் என்னிக்கு சார்?" அடுத்தது, "ரீல்ஸுக்கு வீடியோ எடுத்துக்கலாமா?" அதற்கப்புறம் கல்யாணப் பேக்கேஜ், கட்டணம். ஃபங்ஷனுக்காக இல்லை, சும்மா கற்றுக்கொள்ளத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மான்னா எதுக்கு மேடம்?" என்றார் அந்தப் பையன். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

எங்கள் அம்மா ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. பாட்டி, மருமகள், பாவாடைச் சிறுமி எல்லோரும் ஒரே வட்டத்தில் குனிந்து நிமிர்வார்கள். ஒருத்தி அடி தப்பினால் அடுத்தவள் முழங்கையால் ஓர் இடி இடிப்பாள். அடுத்த சுற்றில் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலும் கும்மி நிற்காது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவைக் கூத்தாடியது தீய நிமித்தம் கண்டு மனம் கலங்கியபோது. கைதட்டு வாங்க அல்ல. சாமிக்கும் சங்கடத்துக்கும் ஆடிய ஊரில், இன்றைக்குக் கேமரா இல்லாமல் காலைத் தூக்க ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடத் தெரியாதவர் குளியலறையில் பாடிக்கொள்கிறார், எழுதத் தெரியாதவர் டயரியில் எழுதிக்கொள்கிறார். ஆடத் தெரியாத ஜோடி எங்கே போகும்? யாராவது ஒரு புண்ணியவான் கண்ணாடி இல்லாத ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, 'மேடை ஏற்ற மாட்டோம், வீடியோ எடுக்க மாட்டோம்' என்று போர்டு மாட்டட்டும். முன்பணம் கட்டிச் சேர நாங்கள் தயார். கட்டை ஷூ மட்டும் அவருக்குக் கொடுக்காமலிருந்தால் போதும்.